ஆடு தின்ற லைசென்ஸ்

"புனித பண்டெலேமோன் மேல சத்தியம் சார். ஒரு வார்த்தை பொய்யில்ல. லைசென்ஸை ஆடு தின்னுடுச்சு."

மருந்துக் கடை மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு விறைப்பாக நின்றார் ஸ்தமாதிஸ். சுவரில் வெறும் கண்ணாடிச் சட்டம் தொங்கியது. காலைக் கப்பலில் தீவுக்கு முதல் முறையாக வந்திறங்கிய ஆய்வாளர் கிரிகோராகிஸ் அதையே பார்த்தார்.

"சட்டத்துக்குள்ள இருந்ததை ஆடு எப்படிய்யா தின்னும்?"

"கண்ணாடி துடைக்கக் கழட்டினேன். பேப்பர் ஈரமா இருக்கேன்னு கொடியில காயப்போட்டேன். அது சாதாரண ஆடு இல்ல சார், முதல்ல முத்திரையைத்தான் தின்னுச்சு. அன்னையிலேருந்து அதுக்கு ஒரு தும்மல் கிடையாது. மத்த ஆடுங்க உடம்புக்கு முடியலன்னா அதுகிட்டதான் போய் நிக்குது."

"படிச்சுத் தேறினவர் கடையில இல்லன்னா, இப்பவே சீல் வைக்கணும். தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? பட்ராஸ் யுனிவர்சிட்டில அஞ்சு வருஷப் படிப்பு, அப்புறம் பயிற்சி, அதுக்கும் மேல லைசென்ஸ் பரீட்சை. அந்தப் பாடு கூட இருந்து பார்த்தவனுக்குத்தான் புரியும்."

"அப்ப இன்னொரு தடவை பரீட்சை வச்சுடுவோம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவர், தலைவலிக்கு ஆஸ்பிரின் கேக்கறார். தருவீங்களா?"

"மாட்டேன். ரத்தக்கசிவு வந்துடும். டாக்டர்கிட்ட அனுப்புவேன்."

"சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக்?"

"மாமியாரே கேட்டாலும் கிடையாது. மாமியார் கேட்டா ரெண்டு தடவை கிடையாது."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேப்பரைத் தின்ன ஆட்டால படிப்பைத் தின்ன முடியல. பத்து நாள்ல நகல் வாங்கி மாட்டுங்க." தாடையைத் தடவிக்கொண்டார். "கப்பலுக்கு முன்னால ஷேவ் பண்ணலாம்னு பார்த்தா, பக்கத்து சலூன் பூட்டிக் கிடக்கு."

"பொறுப்பில்லாத பய சார். தொழில் நேரத்துல எங்கயாவது போய் நிப்பான்."

கப்பல் சங்கு ஊதி, கரையை விட்டு நகர்ந்தது. ஸ்தமாதிஸ் கோட்டுக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்து, மடிப்பை நீவி, சட்டத்துக்குள் செருகினார். கடலில் குளிக்கப் போயிருந்த அவர் மனைவி பொலிக்ஸேனி, அதில் ஒட்டியிருந்த புகைப்படத்திலிருந்து முறைத்தாள். ஐந்து வருஷமும் அவள் சத்தம் போட்டுப் படித்ததை அடுப்படியிலிருந்து கேட்டவர் அவர்.

பிறகு அதே வெள்ளைக் கோட்டோடு சலூனின் பின்கதவைத் திறந்து போய், முகத்தில் சோப்பு காய்ந்து உட்கார்ந்திருந்த மீனவரின் மறு கன்னத்தை மழிக்க ஆரம்பித்தார்.