வெயில் பெட்டி

ருபினாவின் கார் தெருமுனையில் திரும்பவும், பதினோரு நாளாக முகம் கோணாமல் காய்ந்த சூரியன் மேகத்துக்குள் போகவும் சரியாக இருந்தது.

எவரிஸ்தோ வாசலில் நின்று வானத்தை ஒரு பார்வை பார்த்தார், முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போனவனைப் பார்ப்பதுபோல.

இன்றைக்குத்தானா?

மகள் புவெப்லோ நகரத்திலிருந்து கணவாய் ஏறி சான் லூயிஸ் பள்ளத்தாக்குக்கு வருவதே அம்மாவைக் கூட்டிப்போகத்தான். போன குளிர்காலத்தில் எலோய்சாவுக்கு நெஞ்சில் சளி கட்டி இருபது நாள் ஆஸ்பத்திரி. எரிவாயு வாங்கினால் பாதி மாதத்துக்குத்தான் கட்டுப்படியாகும். மலை நிறைய விறகு இருக்கிறது. யாரோ வெளியூர்க்காரர் மலையையே வாங்கி வேலி போட்டபிறகு அது கண்ணால் பார்த்துக் குளிர்காய மட்டும்.

வீடு சூடாக இருந்தால் அம்மா இருக்கட்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிவையுங்கள் என்று ருபினா போனிலேயே சொல்லிவிட்டாள்.

அதற்காகத்தான் தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் அந்த வெயில் பெட்டி.

நாற்பது வருஷம் பழைய சாமான் வாங்கி விற்றவர் செய்த பெட்டி எப்படி இருக்கும்? கண்ணாடி, இடித்துப்போட்ட பள்ளிக்கூடத்து ஜன்னல். பலகை, உருளைக்கிழங்குக் கிடங்கில் கழித்துக் கட்டியது. உள்ளே வெயில் குடிக்கும் தகடு, பத்திரிகை அச்சகத்தில் ஒருநாள் ஓட்டிவிட்டு ஓரங்கட்டும் அலுமினியம். அதில் பதிந்திருந்த ஊர்க் கல்யாணம், சாவு, கோர்ட்டு நோட்டீஸ் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்.

சுவரில் கீழே ஒரு துவாரம், மேலே கம்பிவலை போட்டு ஒரு துவாரம். அறையின் குளிர்காற்று கீழே நுழைந்து, பெட்டிக்குள் காய்ந்து, ரொட்டி அடுப்பைத் திறந்தமாதிரி மேலே வந்து விழும்.

வெயில் போய்விட்டால் பெட்டி தலைகீழாக வேலை பார்க்கும். வீட்டுச் சூட்டை மேலே உறிஞ்சிக்கொண்டு, கீழே குளிரை ஊதும். அதைத் தடுக்க, மேல் துவாரத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை, மேல்விளிம்பை மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள், அதுவே திறந்து அதுவே மூடும் என்று மாதாகோயில் கூடத்துப் பெட்டி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.

"வீட்ல தலையணை இருக்கறப்ப தாளுக்கு எவன் காசு குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு வந்தவர் எவரிஸ்தோ. பொழுது சாய்ந்தால் தலையணையைத் திணிப்பார், விடிந்தால் பிடுங்குவார்.

இப்போதும் திணித்திருக்க வேண்டும். ஆனால் வாங்க வந்தவர் படியேறும்போது எவனாவது கடைக்குக் கதவு சாத்துவானா?

விறகடுப்பையும் அவர் மூட்டவில்லை. மூட்டினால் பெட்டியின் மானம் என்ன ஆவது?

ருபினா உள்ளே வந்தாள். கையில் அம்மாவின் கம்பளிக் கோட்டு. பயணத்துக்கென்று தன் சலவைக் கடையிலேயே வெளுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை ஆணியில் மாட்டினாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"வேர்த்துக் கொட்டுதுடி," என்றாள் எலோய்சா. மடியில் போர்வை. காலில் மூன்று ஜோடி உறை. "உங்கப்பன் என்னை ரொட்டியா சுட்டு எடுத்துருவான்போல."

ருபினா சிரிக்கவில்லை. நேரே போய் மேல் துவாரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

எவரிஸ்தோ தராசு முள்ளைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

ருபினா கையை எடுக்காமலே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எலோய்சா ஜன்னலுக்கு வெளியே தன் கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறுதான். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"நல்லா சூடா வருதேப்பா," என்றாள் ருபினா.

நாற்பது வருஷத்தில், விலை பேசுமுன் சரக்கைப் புகழ்ந்த ஆள் ஒருவரைக்கூட எவரிஸ்தோ கண்டதில்லை. இருந்தும் சந்தேகம் வரவில்லை. பெற்ற மகளாயிற்றே.

அவள் தன் மேல்கோட்டைக் கழற்றிப்போட்டு, மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து இரண்டு கோப்பை காப்பி குடித்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

எவரிஸ்தோவுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. மேகம் வந்தாலும் தகடு சூட்டை விடாது என்றார். பள்ளிக்கூடத்துக் கண்ணாடி, அந்தக் காலத்துச் சரக்கு என்றார். சூடு ஆறும் முன் விற்றுவிட வேண்டுமே.

"ஈஸ்டர் வரைக்கும் அம்மாவை விட்டுரு."

"சாம்பல் புதன் வரைக்கும். அப்ப வந்து மறுபடி கை வெச்சுப் பாப்பேன்."

"சரி, உனக்காகக் கொறைச்சுக்கறேன்," என்றார் பெருந்தன்மையாக. ஈஸ்டருக்கு ஆறேழு வாரம் முந்தி வரும் சாம்பல் புதன் கிடைத்தாலே போதும் என்றுதான் ஈஸ்டரில் ஆரம்பித்திருந்தார்.

பிறகு வெளியே போய் அவளுடைய கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டி, வண்டியை உசுப்பிச் சூடாக்கிக் கொடுத்தார். ருபினா வந்து ஏறினாள். கன்னத்தில் முத்தமிட்டபோது அவள் மூக்கு ஐஸாக இருந்தது. வெளிக்காற்று என்று நினைத்துக்கொண்டார்.

கார் மறைந்ததும் உள்ளேயிருந்து எலோய்சா குரல் கொடுத்தாள்.

"அடுப்பை மூட்டு மனுஷா! கால் மரத்துப்போயி ஒரு மணி நேரமாச்சு."

எவரிஸ்தோ அப்படியே நின்றார். பிறகு கட்டிலிலிருந்து தலையணையை உருவிக்கொண்டு சுவரிடம் ஓடினார்.

தலையணைக்கு அங்கே வேலை இல்லை.

மேல் துவாரத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். மேல்விளிம்பு மட்டும் ஒட்டியிருந்தது. உள்ளே இழுக்கும் காற்றில் அது கம்பிவலையோடு தோலாக அப்பிக் கிடந்தது.

ஆணியில் எலோய்சாவின் கோட்டு உறையில்லாமல் தொங்கியது.