தெளிந்த நீர்

பாட்டிலை விளக்கின் முன் தூக்கிப் பிடித்தாள்.

தெளிந்திருந்தது.

நேற்றுவரை கடுந்தேநீர் நிறத்தில் இருந்த தண்ணீர். இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகும், கண்ணுக்குத் தெரியாத பாசி அதில் கோடிக்கணக்கில் மிதந்தது. இன்று செத்த பாசி அடியில் மட்டும் மண்போல் படிந்திருந்தது.

"இன்னாக்கா, பாட்டில அப்டித் தேய்ச்சிக் கழுவி வச்சிகிற? கண்ணாடி கணக்கா கீது!"

இறால் குஞ்சுப் பண்ணையில் மோட்டார் பார்க்கும் வேதமணி. வாசலில் நின்று சிரித்தான்.

அவள் திரும்பினாள். அவன் சிரிப்பு நின்றுபோனது.

கடல்நீரில் குளோரின் விட்டுக் கிருமியைக் கொல்வார்கள். அந்த வாடை முழுதும் போன பிறகுதான் பாசியை விட வேண்டும். அவள் முகர்ந்துதான் பார்ப்பாள்.

நேற்று அவளுக்குச் சளி.

தொட்டியில் இறால் குஞ்சுகள், தூசு அளவில். கண்ணாடிக் குவளையில் மொண்டு பார்த்தாள். வயிறு நிறைந்த குஞ்சு தன் கழிவை மெல்லிய இழையாகப் பின்னால் இழுத்துக்கொண்டு நீந்தும்.

ஒன்றின் பின்னாலும் இழை இல்லை.

புதிய பாசி வளர நாளாகும். குஞ்சுகள் விடியும்வரை தாங்கா. இந்தத் தொட்டி போனால் அவளுக்கும் இங்கே வேலை இல்லை.

சுவருக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் பாட்டிலில் வளர்த்து ஊட்டுவதில்லை. பாசியைக் குஞ்சு தின்னும், குஞ்சை நெத்திலி, நெத்திலியைச் சீலா. யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

குடத்தை எடுத்தாள்.

"வேணாங்க்கா. பக்கத்துப் பண்ணையில இன்னா ஆச்சின்னு தெரியும்ல?"

தெரியும். அங்கே கடல்நீரை அப்படியே தொட்டியில் விட்டார்கள். கிருமி ஏறிய குஞ்சுகள் இருட்டில் நீலமாக மினுங்கின. வேலையாட்கள் கூடிநின்று பார்த்தார்கள். அழகாக இருந்ததாம்.

காலையில் தொட்டி முழுக்கச் செத்திருந்தது.

துப்பட்டாவை நான்காக மடித்தாள். குடம் குடமாகக் கடல்நீரை வடிகட்டித் தொட்டியில் ஊற்றினாள். பெரியவை துணியில் நின்றன. சிறியவை இறங்கின.

பாசி மட்டுமல்ல, எல்லாச் சிறியவையும்.

பொழுது சாய்ந்ததும் குவளையில் மொண்டாள்.

ஒன்றின் பின்னால் இழை. பிறகு இன்னொன்றின் பின்னால். பிறகு எண்ண முடியவில்லை.

"துன்னுடுச்சிக்கா! அல்லாம் துன்னுடுச்சி!"

அவள் குவளையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள்.

இருட்டில் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியபடி நின்றாள்.