காட்டு ஆப்பிளின் வேர்

எஸ்தர் டீச்சர் வீட்டு வராந்தாவில், தட்டு போன்ற தொட்டியில் ஒரு காட்டு ஆப்பிள் போன்சாய் வளர்ந்தது. அதே தொட்டிக்குள் ஒரு மண்புழுவும் குடியிருந்தது.

"அடித்துளை வழியா என் வேர் வெளிய தெரியுதா? கொஞ்சம் பாரேன்," என்று மரம் அடிக்கடி பதறும். தெரிந்தால் டீச்சர் வெட்டிவிடுவார் என்று பயம். மண்புழுவும் பாவப்பட்டு வேரை உள்ளே தள்ளிவிடும்.

நாளாக நாளாகத் தொட்டி முழுக்க வேராகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. இலைகள் பழுத்து உதிர்ந்தன. மண்புழுவுக்கு நெளியக்கூட இடமில்லை.

"இப்படியே போனா ரெண்டு பேரும் செத்துருவோம். நான் வேரை வெளிய விடப்போறேன்," என்றது மண்புழு.

"ஐயோ, வேண்டாம்! இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க," என்று மரம் கெஞ்சியது.

மண்புழு கேட்கவில்லை. மறுநாள் தொட்டியைத் தூக்கித் துடைத்த டீச்சர், துளையில் தொங்கிய வேரைப் பார்த்தார். உடனே தொட்டியைக் கவிழ்த்தார். கத்தரி நறுக் நறுக்கென்று இறங்கியது. மரம் அலறியது.

பிறகு மரத்தையும் புழுவையும் புது மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

"துரோகி! உன்னைப் போய் நம்பி..." என்று திட்ட ஆரம்பித்த மரம், ஈரம் வேருக்கு வந்து சேர்ந்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டுக் குடிக்கத் தொடங்கியது.