வேர் பிடிக்காத செடி

காலையில் பார்த்தால், இன்றைக்கும் செடிகள் தண்ணீரில் மிதந்தன.

தமிழ்மாறன் கண்ணாடித் தொட்டிக்குள் கைவிட்டு, ஒவ்வொரு செடியாக எடுத்து மணலில் மறுபடி ஊன்றினான்.

"மீனு எப்பப்பா வுடுவ?" மகள் அபிநயா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"செடி வேர் புடிக்கட்டும் பாப்பா. அப்புறம் வுட்டுடலாம்."

"தெனமும் இதையேதான் சொல்ற." அவள் அழத் தொடங்கினாள்.

கைப்பேசி ஒலித்தது. யாரென்று பார்த்து அதை அடக்கிவிட்டு, பெரம்பலூர் வண்ணமீன் கடைக்காரரை அழைத்தான்.

"மோட்டார் வேகத்தக் கொறச்சுட்டேங்க. வேருல கல்லுகூட வெச்சுக் கட்டிட்டேன். அப்பயும் மெதக்குது."

"யாராச்சும் புடுங்கினாத்தான் சார் அப்படி மெதக்கும்."

தமிழ்மாறன் மகளை முறைத்தான். "நீ உள்ள கை வெச்சியா?"

"நான் ஏம்ப்பா புடுங்கப்போறேன்? எனக்கு மீனு வேணும்."

"புள்ளைய ஏங்க வையிறீங்க?" மனைவி செல்வராணி டீயை நீட்டினாள். "கொள்ளிடத்து மணலு ஒத்துக்கல போல. வேற மணலு மாத்திப் பாருங்க."

டீயை வாங்கியவன் அவள் கையைப் பார்த்தான். தொட்டிப் பக்கமே வராதவளின் கண்ணாடி வளையல்களுக்கு இடையில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

கைப்பேசி மறுபடி ஒலித்தது. இந்த முறை எடுத்தான்.

"சிங்கப்பூர் ஏஜென்ட் பேசுறேன் தம்பி. பாப்பாவுக்கு மீனு வுட்டுட்டுத்தான் கெளம்புவேன்னீங்க. டிக்கெட் போட்டுடலாமா?"

செல்வராணி தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செடி இன்னும் வேர் புடிக்கல சார்," என்றான் தமிழ்மாறன்.