நேப்பிள்ஸில் இரண்டு நாள்

காபி வருவதற்குள் சில்வானோ தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தான். நேப்பிள்ஸ்காரர்கள் அப்படித்தான், தண்ணீரால் வாயைச் சுத்தம் செய்துகொண்டுதான் காபியைத் தொடுவார்கள். முதல்முறையாக இந்த ஊருக்கு வருகிறேன் என்று ரயிலில் சத்தியம் செய்தவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அவன் மனைவி ஒர்னெல்லாவுக்குச் சுருக்கென்றது.

அறுபத்தெட்டாம் வருஷத்து வசந்தம். வடக்கே துரின் நகரத்திலிருந்து இரண்டு நாள் ஊர் சுற்ற வந்திருந்தார்கள். அவள் வெனிஸ் என்றாள். இவன்தான் நேப்பிள்ஸ் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

வந்த பிறகாவது ஒழுங்காகச் சுற்றிக் காட்டினானா? கடலோரக் கோட்டையை வாசலோடு பார்த்தார்கள். எரிமலைக்குத் தூரத்திலிருந்து கும்பிடு போட்டதோடு சரி. மற்ற நேரமெல்லாம் சந்து சந்தாக இழுத்துக்கொண்டு போனான். பீட்சாவை நாலாக மடித்து நடந்துகொண்டே தின்றான். அவளும் மடித்துப் பார்த்தாள், தக்காளிச் சாறு புதுச் சட்டையில் ஒழுகியது.

"எங்கப்பா சும்மாவா, தெற்கத்திக்காரங்களுக்கு வீடு கிடையாதுன்னு வாசல்ல போர்டு மாட்டியிருக்காரு? என்ன ஊரு இது" என்றாள் எரிச்சலில்.

காபிக்காரர் கோப்பைகளை வைத்தார். சில்வானோவை ஏற இறங்கப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "ஈஸ்டருக்குக்கூட வரலியேப்பா. முந்தாநாள்கூட நுன்சியா உன்னைத்தான் கேட்டா" என்றவர், பக்கத்தில் நின்ற ஒர்னெல்லாவைக் கவனித்ததும் சட்டென்று திரும்பி, துடைத்த மேடையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஒர்னெல்லா கோப்பையைத் தொடாமல் தள்ளி வைத்தாள். தொழிற்சாலை வேலை, மிலான் போகிறேன் என்று அடிக்கடி பெட்டியைத் தூக்குவானே, அது இந்த மிலான்தானா? யாருமில்லாதவன் என்று அவன் சொன்னதை நம்பி, அப்பாவிடம் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டவள் அவள்; கல்யாணத்தன்று தேவாலயத்தில் மாப்பிள்ளை பக்கத்து பெஞ்சுகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்து அழுதவள். மனசு ஆறவில்லை.

"யாரு அந்த நுன்சியா?"

"சொல்றேன், வா" என்றான். குரலில் சுரத்தே இல்லை.

போகிற வழியில் பலகாரக் கடையில் நின்றான். ஏடு ஏடாக உதிரும், உள்ளே பாலாடைக்கட்டி பூரணம் வைத்த இனிப்பு. தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வேண்டாமென்று, அடுப்பிலிருந்து புதிதாக இறங்கும்வரை காத்திருந்து வாங்கினான். சூடாக இருந்தால்தான் அவளுக்குப் பிடிக்கும் என்று கடைக்காரனிடம் சொன்னது ஒர்னெல்லாவின் காதில் விழாமலில்லை. கட்டிய பெண்டாட்டிக்கு ஒருநாளாவது இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பானா?

ஒரு குறுகிய சந்துக்குள் திரும்பினார்கள். தலைக்கு மேலே கொடி கொடியாகத் துணி காய்ந்தது. அதில் ஒரு சிவப்புப் பட்டு ரவிக்கையும் இருந்தது. சில்வானோ நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு சீட்டி அடித்தான். நான்காவது மாடி ஜன்னல் உடனே திறந்தது, காத்துக்கொண்டே இருந்ததுபோல.

சீட்டி வேறா! அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். இனி நீ துரின் பக்கமே வராதே. எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று திரும்பினாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "உன்கிட்ட மறைச்சது தப்புதான். சொல்லியிருந்தா உங்கப்பா வாசப்படிகூட ஏத்தியிருக்க மாட்டாரு" என்றான். கண் கலங்கியிருந்தது.

மேலே ஜன்னலிலிருந்து கயிறு கட்டிய கூடை ஒன்று வெளியே நீண்டது. படியேறி இறங்க முடியாதவர்கள் அந்தச் சந்தில் கதவுச் சாவியை அப்படித்தான் இறக்குவார்கள். சில்வானோ அண்ணாந்து, அதுவரை அவன் வாயில் அவள் கேட்டிராத அந்த ஊர்ப் பேச்சிலேயே குரல் கொடுத்தான்.

"அம்மா, சாவியை இறக்கு. உன் மருமக கீழ நிக்கிறா."