ஆளா? பொருளா?

“வேம்புங்கிறது யாரு மேடம்?”

சுடர்விழி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த ரசியா பேகம் கையை நிறுத்தினார்.

“எந்த வேம்பும்மா?”

முத்துப்பேட்டை ‘ரிஃப்கா பில்டர்ஸ்’ என்றால் வளைகுடா வரைக்கும் பெயர். துபாயிலும் தோஹாவிலும் சம்பாதிக்கிறவர்களுக்கு ஊரில் வீடு கட்டிக் கொடுக்கும் கம்பெனி. முதலாளி ரசியா பேகம்தான். இப்போது ஒரே சமயத்தில் ஐந்து வீடுகள். எந்தச் செலவு எங்கே போகிறது என்று அங்கிருந்தபடியே ஃபோனில் பார்க்க வேண்டும் என ஐந்து பேரும் ஒற்றைக் காலில் நிற்க, அவரும் ஒரு மென்பொருளை வாங்கிப்போட்டார். அதைச் சரிசெய்து கொடுக்கச் சென்னைக் கம்பெனி அனுப்பிய பெண் சுடர்விழி. சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். தனியாக வந்திருக்கும் முதல் வேலை.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐந்து வீட்டுக்காரர்களும் திறந்து பார்ப்பார்கள். ஏதாவது பிசகினால் ரசியா பேகத்தின் பெயர் கெட்டது, சுடர்விழியின் வேலையும் போனது.

“இதைப் பாருங்க மேடம். ஒவ்வொரு செலவும் ஆளா, பொருளான்னு சொல்லி, ரேட் போட்டு, வீட்டுக்கு வீடு பட்ஜெட் வரம்பு வைக்கணும். எல்லாம் முடிஞ்சுது. வேம்புன்னு ஒரு பேரு மட்டும் சிவப்பா மின்னுது. ஆள்னு போட்டிருக்கு. தினம் ஆயிரத்து இருநூறு.”

“கொத்தனாரா இருக்கும். நம்ம சைட்ல எத்தனையோ பேரு.”

“இருக்கலாம் மேடம். ஆனா ஒரே நாள்ல அஞ்சு வீட்லயும் வேலை பார்த்திருக்காங்க!”

இத்தனை நாளும் வீட்டுக்கு ஒரு நோட்டு. ஐந்தையும் ஒரே திரையில் ஏற்றிய பிறகுதான், முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் ஒரே வேம்பு ஒரே நாளில் கூலி வாங்கியிருப்பது பல்லை இளித்தது.

“யா அல்லாஹ்! ஜின்னுகூட ஒரு நேரத்துல ஒரு வீட்டைத்தானேம்மா பிடிக்கும்?”

நோட்டு எழுதியவர் மேனேஜர் சாமிதுரை. நாலு வருஷமாக இருக்கிறார். காலி சிமெண்ட் சாக்கைக்கூட எண்ணி விற்று, சில்லறையைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிற மனுஷன்.

“அவரா இப்படி? நீயே ஃபோன் போட்டு வரச் சொல்லும்மா. எனக்கு மனசு வரல.”

சுடர்விழி விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில் ஹெல்மெட்டும் கையுமாக சாமிதுரை வந்தார். காதில் ஃபோன்.

“சரி சரி, வெச்சிடறேன்… வீட்டுலங்கம்மா. வர நேரமாகும்னு சொன்னேன்.”

“வீட்டுல சவுக்கியமா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, அவசரமாக முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார் ரசியா பேகம். “அது கிடக்கட்டும். வேம்பு யாரு சாமிதுரை?”

சாமிதுரை திரையைப் பார்த்தார். இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணாடி கழன்று மேஜையில் விழுந்தது.

“யாராவா? வேப்ப மரம்மா, வேப்ப மரம்! நிலைக்கும் ஜன்னலுக்கும் நாம வேம்புதானே போடறோம்? தேக்கு ரேட்டைச் சொன்னா தோஹாக்காரர் அங்கேயே மயக்கம் போட்டுருவாரு. வேம்புன்னா கரையான் கிட்ட வராது. கன அடி ஆயிரத்து இருநூறு. பொருள் பக்கத்துல எழுத வேண்டியதை ஆள் பக்கத்துல எழுதிட்டேன். அதுக்குள்ள என்னை ஜெயில்ல வெச்சுக் களி கிண்டிட்டீங்களே!”

மரம் ஒரே நாளில் ஐந்து வீட்டுக்கும் போகத்தானே செய்யும்? சுடர்விழிக்குக் காது மடல் சிவந்தது.

“மன்னிச்சிருங்க சார். தப்பா நினைச்சிட்டேன்.”

“அட, கேட்டது நல்லதுதாம்மா. ஆமா, பொருள்னு மாத்திட்டா, தினம் சைட்ல வந்து கைரேகை வைன்னு உன் மிஷின் உசிரை வாங்காதே?”

“மரத்துக்கு எதுக்கு சார் கைரேகை? ஆதார்கூட வேணாம். கடை பில் மட்டும் போதும்.”

“பில்லுக்கா பஞ்சம்!”

ஒரே ஒரு தட்டு. ஆள், பொருளானது. சிவப்பு மறைந்து, ஐந்து வீடுகளும் நாற்றங்கால் மாதிரி பச்சைப்பசேலென்று நின்றன. மணி நாலே முக்கால்.

“அல்ஹம்துலில்லாஹ்! உங்களைப் போயி…” ரசியா பேகம் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். “அடுத்த மாசத்துலேர்ந்து சம்பளத்துல ரெண்டாயிரம் கூட்டிக்குங்க சாமிதுரை. நான் சொல்றேன்.”

“எதுக்கும்மா அதெல்லாம்? இருங்க, சூடா தம்ரூட் அல்வா வாங்கிட்டு வந்துடறேன். பாப்பா பயந்தே போச்சு.”

போன வேகத்தில் ஃபோனை மேஜையிலேயே விட்டுவிட்டார். அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் அது அலறியது. திரையில் ‘வீடு’ என்று வந்தது.

“அவரு சம்சாரம்தான். நேர்ல பார்த்ததே இல்ல. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவெச்சிருக்கணும்னு நானே சொல்லிடறேன்” என்று ரசியா பேகம் ஃபோனை எடுத்தார். துபாயில் இருக்கும் கணவரோடு பேசிப் பேசி, எந்த ஃபோனாக இருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

இவர் ‘ஹலோ’ சொல்வதற்குள், அறை முழுக்க அந்தப் பெண் குரல் கணீரென்று கேட்டது:

“என்னங்க, நான் மரம்னு நம்பிட்டாங்களா?”