நெற்றிப் பட்டை

மாதவிலக்கு நின்றுபோன வருஷம் பிரமிளாவை ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொண்டது. திருப்பூரில் அவள் தைக்கும் பனியன் கம்பெனியில், எல்லாரும் இரவு நெற்றிப் பட்டை கட்டித் தூங்கிவிட்டு, காலையில் அதை கேட்டில் காட்ட வேண்டும். அன்றைக்குத் தலைவலி வருமென்றால் பட்டை அங்கே சிவக்கும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்; இல்லையென்றால் பச்சை. இரண்டு முறை அவளுக்குச் சிவந்தாயிற்று. இன்னொரு முறை சிவந்தால் வேலை போய்விடும்.

அதனால் சமீபத்தில் வயதுக்கு வந்த மகள் மிதுனாவின் நெற்றியில் இரவுதோறும் தன் பட்டையைக் கட்டிவிட்டாள். பிறகு தினமும் பச்சைதான். வலி வந்த நாட்களில் வாந்தியை விழுங்கிக்கொண்டு தைத்தாள்.

இன்று பட்டை சிவந்தது.

"இனி வர வேண்டாங்கக்கா," என்றார் வாட்ச்மேன்.

"எனக்கு இன்னிக்கு வலியே இல்லீங்கண்ணா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்கு ஓடினாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வலி வந்தால் பிரமிளா கட்டிக்கொள்வதைப் போலவே தலையில் ஈரத்துணியை இறுகக் கட்டிக்கொண்டு மிதுனா சுருண்டு கிடந்தாள்.

"எப்ப இருந்து கண்ணு இது?"

"வயசுக்கு வந்ததுல இருந்தும்மா. முழிச்சிருந்தா பட்டை செவக்காது. அதனால வலி வர்ற மாதிரி இருந்தா ராத்திரி பூரா தூங்க மாட்டேன். நேத்து அசந்து தூங்கிப்போட்டேன்மா, திட்டாத."